சிறு விமானமும் அதன் வர்ணமும்

மலைநாட்டிலே வர்ணம் பூசப் புகுவோன் முதலிற் கற்க வேண்டியது தூரிகையை எப்போது கீழே வைப்பது என்பதாகும். மஸ்கெலியாவில் வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலைகளின்மீது மோதத் தொடங்கிவிட்டால், சாளரத்தைத் திறந்த மாத்திரத்தே மூடுபனி அறைக்குள் வந்து அமர்ந்துகொள்ளும். அந்நாட்களில் விரைந்து உலரும் வார்னிசை ஒரு பொருளின்மேற் பூசினால், பளபளக்க வேண்டிய பரப்புச் சிறிது நேரத்திற் சாம்பல் பூத்தாற்போல வெளுத்துவிடும். வார்னிசிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்த பரப்பின்மீது காற்றிலுள்ள ஈரம் படிகிறது. படிந்த ஈரம் வர்ணத்துக்குள்ளே சிறைப்பட்டு வெண்மையாகத் தோன்றுகிறது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஈரத்தின் குணத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்தை வாட்டி, அரைத்து, சுட்டுக் காயவைத்த தூள் ஒரு வேளை ஈரம் குடித்தாற் போதும், பட்ட பாடெல்லாம் வீண் என்பதை அவர்கள் அறிவர். ஆகவே, சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர் கூட்டங்கூட்டமாகச் செல்லும் தை, மாசி மாதங்களே இப்பகுதியில் வர்ண வேலைக்குத் தக்க காலம்.

அத்தகைய ஒரு தை மாதத்தில், மஸ்கெலியாவில் ஓர் இளைஞன் ஒரு பெட்டியைத் திறந்து மேசைமேற் பரப்புகிறான் என்று கொள்க. பெட்டிக்குள் இருப்பவை பிளாஸ்டிக்கினாலான சிறு சிறு துண்டுகள். ஒட்டி முடித்தால் அது ஹரிக்கேன் என்னும் போர் விமானமாகும். சிட்னி காம் என்பவர் வடிவமைத்து, 1935 நவம்பர் 6ஆம் திகதி முதன்முதலிற் பறந்த விமானம் அது. உண்மை விமானத்தின் சிறகு விரிவு 40 அடி. நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் மாதிரியின் சிறகு விரிவு 10 அங்குலமாகும். எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால் ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர், உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹரிக்கேன் மாதிரிகளை ஜப்பானிய நிறுவனமான ஹசெகாவா விற்கிறது. அந்த ஹரிக்கேனை எதிர்த்துப் போராடிய ஜப்பானிய சீரோ விமானத்தின் மாதிரியை இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் நிறுவனம் விற்கிறது.

துண்டுகளை ஒட்டுவது பொறுமையுள்ள எவராலும் இயல்வது. கடினமான வேலை அதன் பின்னரே தொடங்குகிறது. இதற்கு எந்த வர்ணம்?

இக்கேள்வி அழகைப் பற்றியதன்று. ஒரு காலத்தில் மனித உயிர்கள் இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்திருந்தன. வானத்தில் ஒரு விமானம் தோன்றினால், அது நம்மவருடையதா எதிரியுடையதா என்பதைச் சில விநாடிகளிற் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்ற அளவு உலகெங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பீரங்கிப் படையினருக்கும் காவற்காரருக்கும் விமானங்களை இனங்காணப் பயிற்றும் பொருட்டு இவ்வளவிலேயே மாதிரிகள் செய்யப்பட்டன. அமெரிக்காவில் 1942இற் பாடசாலை மாணவர்களே மரத்தைச் செதுக்கி இலட்சக்கணக்கில் அவற்றைச் செய்து கொடுத்தார்கள். அம்மாதிரிகளுக்கு அலங்காரம் ஒன்றும் இல்லை. முழுவதும் கறுப்பு. வானத்தின் வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும் உருவத்தை மட்டும் கண் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று அலுமாரியில் அழகுக்காக நிற்கும் பொருளின் மூதாதை அந்தக் கறுப்பு மரத்துண்டுதான்.

மஸ்கெலியா இளைஞன் தன் ஹரிக்கேனுக்கு இங்கிலாந்தின் வானத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை. 1942 ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், அந்த விமானங்கள் கொழும்பின்மேற் பறந்து போரிட்டன.

அந்த நாளின் கதை சுருக்கமானதன்று. ஆயினும் வர்ணம் பூசுவோன் அறிய வேண்டிய அளவு இது. சிங்கப்பூர் பெப்ரவரியில் வீழ்ந்தது. இரங்கூன் மார்ச் 8ஆம் திகதி வீழ்ந்தது. அடுத்தது இலங்கை என்ற அச்சம் எங்கும் பரவியிருந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் இன்டொமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மத்திய கிழக்கிலிருந்து 30ஆம், 261ஆம் அணிகளின் ஹரிக்கேன்களைச் சுமந்து வந்தது. கப்பலின் மேற்றளத்திலிருந்தே அவை பறந்து இலங்கையை அடைந்தன. 30ஆம் அணி இரத்மலானையிலும், 261ஆம் அணி திருகோணமலையை அடுத்த சீனன்குடாவிலும் தங்கின. 258ஆம் அணி இங்கேயே மீண்டும் அமைக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த இடம் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடல். பந்தயக் குதிரைகள் ஓடிய புல்வெளியில் விமானங்கள் ஓடின. அங்கே ஓர் ஓடுதளம் இருப்பதை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை.

ஏப்பிரல் 4ஆம் திகதி மாலை, கொக்கலையிலிருந்து சென்ற கட்டலீனா வேவு விமானமொன்று தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் கனடா நாட்டவரான லெனார்ட் பேர்ச்சல். செய்தி அனுப்பும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவரும் சிறைப்பட்டார். ஆனால் எச்சரிக்கை கொழும்பை அடைந்துவிட்டது. மறுநாட் காலை ஏழரை மணியளவில், அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. அவற்றை நடத்தி வந்தவர், நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத் தாக்குதலையும் நடத்திய மிட்சுவோ புச்சிடா. எச்சரிக்கை முதல் நாளே கிடைத்திருந்தும், அந்தக் கணத்தில் இரத்மலானை எதிர்பாராத நிலையிலேயே இருந்தது. விமானிகள் தலைக்கு மேலே எதிரியைக் கண்ட பின்னரே ஓடிச்சென்று எஞ்சின்களை இயக்கினர். திருகோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள், துணியும் கம்பியுமாக இரட்டைச் சிறகு கொண்ட பழைய வகை, ஒன்றும் எஞ்சாமல் வீழ்த்தப்பட்டன. துறைமுகத்தில் டெனிடோஸ், ஹெக்டர் ஆகிய கப்பல்கள் அழிந்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனையின்மேலும் குண்டுகள் வீழ்ந்தன. ஜப்பானியர் இழந்த விமானங்கள் 7. பாதுகாத்தவர் இழந்தவை இருபதுக்கு மேல்.

இக்கதையை அறிந்த பின் மேசைக்குத் திரும்பினால், பெட்டியிலுள்ள குறிப்புத்தாளை அப்படியே நம்ப இயலாது. அத்தாள் பெரும்பாலும் 1940ஆம் ஆண்டு இங்கிலாந்தின்மேல் நடந்த போரைக் காட்டும். அன்றி, யுத்தத்தின் பிற்பகுதியைக் காட்டும். 1942 ஏப்பிரல் இரண்டுக்கும் இடைப்பட்டது.

முதலாவது, உடலின் பக்கத்திலுள்ள வட்டக்குறி. நடுவே சிவப்பு, அதனைச் சுற்றி வெள்ளை, நீலம், புறத்தே மஞ்சள். 1942இன் நடுப்பகுதியில் பிரித்தானியர் இதை மாற்றி வெள்ளை வளையத்தையும் மஞ்சள் வளையத்தையும் மெல்லியவை ஆக்கினர். ஏப்பிரலில் அம்மாற்றம் வரவில்லை. ஆதலின் கொழும்பைக் காத்த ஹரிக்கேனுக்கு அகன்ற மஞ்சள் வளையமே பொருந்தும். வாலிலுள்ள சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளும் மூன்றும் ஒரே அகலமாய் இருக்க வேண்டும். இடையிலுள்ள வெள்ளை ஒடுங்கியது பின்னரே. கூர்ந்து பார்ப்பவர் சிலரே என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் மெல்லிய வளையத்தை ஒட்டிய மறுகணமே அது அந்த ஞாயிற்றுக்கிழமையின் விமானமாக இல்லாமற் போகிறது.

இரண்டாவது, நடுவிலுள்ள சிவப்புப் புள்ளி. இதனால் நேர்ந்த இடர் பெரிது. ஜப்பானிய விமானத்தின் குறி ஒரே ஒரு சிவப்பு வட்டம். விரைந்து செல்லும் விமானத்தில், தொலைவிலிருந்து பார்க்கும் துப்பாக்கிக்காரனுக்கு வெள்ளையும் நீலமும் மங்கிவிடும், சிவப்பே கண்ணிற்படும். நண்பனையே சுட்டுவிடக்கூடும் என்ற அச்சத்தால் அமெரிக்கர் 1942 மே மாதத்திலேயே தங்கள் குறியிலிருந்த சிவப்பை நீக்கினார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் பிரித்தானியர் அவ்வாறு செய்தது 1943இல். அதன்பின் இங்கு பறந்த விமானங்களுக்குக் கருநீலமும் இளநீலமும் மட்டுமே உண்டு. ஆசியப் போரைப் பற்றிப் படித்த ஒருவர், ‘இலங்கை ஹரிக்கேன் என்றால் நீலக்குறிதானே’ என்று எண்ணி அதனையே தீட்டிவிடுவது எளிது. ஏப்பிரல் 5ஆம் திகதி மேலே சென்ற விமானிகளோ, எதிரியின் நிறத்தைத் தங்கள் சிறகின் நடுவிலே சுமந்துகொண்டு சென்றவர்கள்.

மூன்றாவது, மறைநிறம். இங்கேதான் வேலை சிக்கலாகிறது. பிரித்தானியாவில் பயன்பட்ட பழைய முறை, மேலே மண் பழுப்பும் கரும்பச்சையும். பாலைவனப் போருக்குரிய முறை, மேலே மண் பழுப்பும் மணல் மஞ்சளும், கீழே வானநீலம். மத்திய கிழக்கிலிருந்து வந்த அணியின் விமானங்களுக்கு மூக்கின் அடியில் மணல் வடிகட்டியின் பெரிய தாடை தொங்கும்; அது இருப்பதைக் கண்டதும் மணல் மஞ்சள்தான் என்று முடிவு செய்வோர் உண்டு. அது அவசரமான முடிவு. வடிகட்டி எந்த நிற விமானத்திலும் பொருத்தப்பட்டது. பழைய புகைப்படத்தைப் பார்த்தால் தெளிவாகும் என்றால், அப்படங்கள் கறுப்பு வெள்ளை. அதுவும் அந்நாளைய சில பிலிம்கள் சிவப்பைக் காணாதவை. நீலத்தை மிகுதியாகக் காண்பவை. அவற்றில் எடுத்த படத்திலே சிவப்பு கறுப்பாகும், மஞ்சளும் இருண்டுவிடும், நீலமோ வெளிறித் தோன்றும். மஞ்சள் வளையமே இல்லை என்று ஒருவர் ஆணையிட்டுச் சொல்வார். வளையம் அங்கேயே இருக்கும், பிலிம்தான் அதனை மறைத்திருக்கும். ஜப்பானிய சீரோவின் நிறம் வெறும் சாம்பலா, தவிட்டுப் பச்சை கலந்த சாம்பலா என்று மாதிரி செய்வோர் பல ஆண்டுகளாக வாதாடி வருவதும் இவ்வாறான படங்களை வைத்துத்தான்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பத்து விமானங்களின் சிறப்புகளைப் பொறுக்கி ஒன்றில் ஏற்றாமல், ஒரு படத்திலுள்ள ஒரு விமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தின் ஒளியையும் நிழலையும் அதே படத்திலுள்ள தெரிந்த நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. வளையத்தின் நீலம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று கண்டால், பிலிம் எத்தகையது என்பது புலப்படும். அதன்பின் பழுப்புக்குப் பக்கத்திலுள்ள நிறம் பழுப்பிலும் இருண்டதா, வெளிறியதா என்று பார்த்தால், பச்சைக்கும் மணலுக்கும் வேறுபாடு தானே தெரியவரும்.

நிறம் தெரிந்த பின்னும், புட்டியிலுள்ளதை அப்படியே பூசலாகாது. மஸ்கெலியாவில் நிற்போர்க்கு இதன் காரணம் கண்முன்னே இருக்கிறது. காலடியிலுள்ள தேயிலைச் செடி கரும்பச்சை. நீர்த்தேக்கத்துக்கு அப்பாலுள்ள தேயிலைச் சரிவு சற்றே சாம்பல் கலந்த பச்சை. அதற்கும் அப்பால் நிற்கும் சிவனொளிபாதமோ நீலம். இடையிலுள்ள காற்று நிறத்தைத் தின்றுவிடுகிறது. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு மாதிரியை ஓரடித் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மை விமானத்தை 48 அடித் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். எனவே புட்டியிலுள்ள நிறத்தோடு சிறிதளவு வெளிர்சாம்பலைக் கலந்து தணிக்க வேண்டும். எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் கூறுவோரும் உண்டு. கண்ணே நல்ல சூத்திரம்.

பூசும் ஒழுங்கு பழைய தச்சர்களும் வர்ணக்காரரும் அறிந்ததே. விமானி அமரும் அறையின் உட்புறத்தைச் சாம்பற்பச்சையால் தீட்டிய பின்னரே உடலின் இரு பாதிகளையும் ஒட்ட வேண்டும். ஒட்டியபின் தூரிகை அங்கே நுழையாது. மூட்டுகளிற் பட்டி பூசி, நீரில் நனைத்த அரத்தாளால் தேய்க்க வேண்டும். ஹரிக்கேனின் பின்னுடல் உலோகத் தகடு அன்று. மரச்சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய துணி. மாதிரியிலே அத்துணியின் மென்மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். ஆர்வத்தில் அளவு மீறித் தேய்த்தால் மேடுகள் மறைந்து, துணி தகடாகிவிடும். பின்னர் சாம்பல் நிற அடிப்பூச்சு. அது குறைகளையெல்லாம் இரக்கமின்றிக் காட்டிக் கொடுக்கும். அதன்மேல் முதலிற் கீழ்ப்புறத்து வெளிர்நிறம், பிறகு மேற்புறத்துப் பழுப்பு, இறுதியில் இரண்டாம் நிறம். ஒன்று நன்றாகக் காய்ந்த பின்னரே மற்றொன்று. எயார் பிரஷ் இருந்தால் நல்லது. இல்லாவிடில் அகன்ற மென்தூரிகையால் நீர்த்த வர்ணத்தை மூன்று முறை பூசினாலும் குறை தெரியாது.

அணியின் எழுத்துகளைத் தீட்டும்போது தோட்டத்து மரபு ஒன்று கைகொடுக்கிறது. 258ஆம் அணியின் குறி இசட், ரி என்ற இரண்டு எழுத்துகள். பெட்டியில் அவை இல்லாவிடின் தானே வெட்டிக்கொள்ள வேண்டும். முன்னாளில், தேயிலையை இன்று போலக் காகிதச் சாக்கில் அன்றி ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைத்து அனுப்பிய காலத்தில், ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் தோட்டத்தின் பெயரும் தூளின் தரமும் எழுதப்பட்டன. எழுத்து வெட்டிய தகட்டைப் பலகைமேல் வைத்து, தூரிகையைக் குத்திக் குத்தி எழுதினார்கள். வர்ணத்தை இழுத்துப் பூசினால் தகட்டின் அடியில் ஊறி எழுத்தின் ஓரம் கெட்டுவிடும். தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் வைத்து, நேர்செங்குத்தாகக் குத்த வேண்டும். சிறு விமானத்தின் பக்கத்தில் அரை அங்குல எழுத்தை எழுதவும் அதுவே முறை. தகட்டுக்குப் பதிலாக ஒட்டும் நாடா. உண்மை ஹரிக்கேனின் எழுத்துகளும் படைத்தளத்தில் கையாற் தீட்டப்பட்டவையே. ஆதலின் ஓரம் சற்றே பிசகினாற் குற்றமில்லை.

ஒட்டுப்படங்களை நீரில் நனைத்து ஒட்டுவதற்கு முன், பளபளக்கும் வார்னிசு ஒரு பூச்சு அவசியம். சொரசொரப்பான வர்ணத்தின்மேல் ஒட்டினாற் படத்தின் அடியிற் காற்று தங்கி வெள்ளி போல மின்னும். ஒட்டிக் காய்ந்தபின், நீர்த்த கரும்பழுப்பைத் தகட்டுக் கோடுகளில் ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மங்கல் வார்னிசு. மூடுபனி நாளில் இதைப் பூசியதால் நேரும் கேட்டைத்தான் தொடக்கத்திலே சொல்லியாயிற்று.

அழுக்கும் தேய்வும் காட்டுவதிற் பலர் வரம்பு கடக்கிறார்கள். விமானம் முழுவதும் வர்ணம் உரிந்து, எண்ணெய் வழிந்து, பத்தாண்டு பழைய லொறி போல ஆகிவிடுகிறது. இரத்மலானை ஹரிக்கேன்கள் இலங்கைக்கு வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. கப்பற் பயணத்தின் உப்புக்காற்றும், வெயிலும், விமானிகளின் சப்பாத்து உரசிய சிறகின் அடிப்பகுதியும், துப்பாக்கி வாயருகே கரியும், எஞ்சினின் புகைபோக்கிக்குப் பின்னே ஒரு கோடும் போதும். மாற்று மருகு போல அழகான அழுக்கைத் தேடிப் பூசுவது வேறொரு பொய்.

சக்கரங்களை முழுக் கறுப்பாகத் தீட்டுவதும் அவ்வாறானதே. டயர் கறுப்பன்று, தூசு படிந்த கருஞ்சாம்பல். மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபின், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைத்த பெரிய இடம் இலங்கைதான். கேகாலையிலும் களுத்துறையிலும் விடியற்காலையில் இறப்பர் மரத்தைக் கீறிய தொழிலாளர் பலர் தமிழர். மலைமேற் கொழுந்து எடுத்தவர்களின் வீட்டிலே, பர்மா வீழ்ந்ததும் அரிசி வரவு நின்று, பங்கீட்டோடு கோதுமை மா புகுந்தது. குண்டு வீழ்ந்தது கொழும்பிலெனினும், யுத்தம் லயத்து அடுப்பு வரை ஏறி வந்துவிட்டது. ஆயினும் பெட்டியின் மேலட்டைப் படங்களில் இவர்களுக்கு இடமில்லை. ஒரு டயரைச் சரியான நிறத்திலே தீட்டுபவன் வேண்டுமானால் நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் விமானி. நாற்பத்தெட்டில் ஒரு பங்கில் அவர் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான பொம்மை. பலர் அவரைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். தீட்டுவது தொல்லை, உள்ளறையின் கருவிகளையும் மறைத்துவிடுகிறார். மஸ்கெலியாவில் ஆகாய விமானத்தை ஆளில்லாத பொருளாக நினைப்பது எளிதன்று. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்கு யாத்திரிகரை ஏற்றிவந்த டச்சு விமானமொன்று, கொழும்பில் இறங்கவிருந்த வேளையில், இப்பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அந்த மலைமுகட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் விமானம் என்றதும் அதனுள் இருந்தவர்களை நினைப்பது இயல்பு.

அவரை அமர்த்துவது என்று முடிவு செய்தால், மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கியும், பழுப்புத் தோல் தலையணியும் போதும். முகத்துக்கு வெறும் இளஞ்சிவப்பைப் பூசாமல், கண்களின் குழியிற் சிறிது பழுப்பைத் தோய்த்தால் உயிர் வரும்.

எஞ்சியிருப்பது கண்ணாடிக் கூண்டு. அதன் சட்டங்களைத் தீட்டுவதற்காக ஒட்டியிருந்த நாடாத் துணுக்குகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக உரித்தெடுக்க வேண்டும். உரித்தபின், கூண்டை மூடியபடி ஒட்டுவதா, பின்னுக்குத் தள்ளித் திறந்தபடி ஒட்டுவதா என்ற ஒரு கேள்வி நிற்கும். குதிரைப்பந்தயத் திடலின் புல்லில், அன்று காலை ஏழு மணிக்குக் காத்து நின்ற விமானமாயின் அது திறந்திருக்கும். ஏழரைக்குப் பின் என்றால் மூடியிருக்கும்.